நாலாம் சிலிண்டருக்கு ஒரு விரல்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்நிதி முருகன் மேல் ஒரு தரமும் அந்தோனியார் மேல் ஒரு தரமும் சத்தியம் செய்தாகிவிட்டது. கதையில் வருகிறவர்களில் சிலர் சைவம், சிலர் வேதம், அதாவது கிறிஸ்தவம். ஒரு பக்கத்தில் மட்டும் சத்தியம் செய்தால் மற்றப் பக்கம் மனவருத்தப்படும். இதற்குப் பிறகும் நம்பாமல் இருப்பவர்களுக்காகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அச்சுவேலிக் கனிசியஸ் பயந்த சுபாவமுள்ள மெக்கானிக். பற்றறி வயரைத் தொடுமுன் சிலுவை போடுவான். ஜாக்கியில் நிற்கிற காருக்குக் கீழே போக வேண்டி வந்தால், முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து திங்கட்கிழமை போவான். வேலையில் பிழை சொல்ல ஒருவருமில்லை. பயந்தவன் எந்த நட்டையும் இரண்டு தரம் இறுக்குவான் அல்லவா?

அவனுக்கு வருகிற தை மாதம் கலியாணம். பெண் நிஷானி, பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறவள். பிறர் வாயைத் திறந்து கத்துவதைப் பார்த்துப் பழகியவள் என்பதால் அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கனிசியஸ் பயந்துகொண்டிருந்தான்.

உடுப்பிட்டிக் கனகசபாபதி ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். அவருடைய ஒஸ்டின் கார் நீலப் புகை விடுகிறது, ஒயில் குடிக்கிறது என்று ஆளனுப்பியிருந்தார். புரட்டாதி வெயில் கொளுத்துகிற நாள். கனிசியஸ் போய், எஞ்சினை இறக்கி, கார்க் கொட்டிலில் இரண்டு பனங்குத்திகளின் மேல் ஏற்றினான். மேலே சிலிண்டர்களை மூடியிருந்த ஹெட்டைக் கழற்றினான். கீழே ஒயில் தட்டத்தைக் கழற்றினான். நாலு சிலிண்டரும் நாலு கிணறு மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

பிஸ்டன் கழற்றுவது தெரிந்தவனுக்குப் பெரிய வேலை அல்ல. சிலிண்டரின் மேல் விளிம்பில் தேயாமல் நிற்கிற வரம்பை முதலில் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றிங் அதில் மாட்டி உடையும். பிறகு கீழே கையை விட்டு, பிஸ்டனின் காலான கொன்ரொட்டைச் சுழல்தண்டான கிராங்கோடு சேர்த்துப் பிடித்திருக்கிற மூடியைக் கழற்ற வேண்டும். கொன்ரொட்டின் ஆணிகள் கிராங்கைக் கீறாமல் இருக்க அவற்றுக்கு றப்பர்க் குழாய் மாட்டி, சுத்தியல் பிடியால் கீழிருந்து தள்ளினால் பிஸ்டன் மேலே வந்து எட்டிப் பார்க்கும். கழற்றிய மூடியை அந்தக் கொன்ரொட்டிலேயே உடனே திரும்பப் பூட்டி வைப்பான். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போகக்கூடாது.

இப்படி மூன்றைக் கழற்றிவிட்டுக் கனிசியஸ் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனான். அங்கே உரும்பிராய்க் கதிரவேலு இருந்தார். அவரும் ஒரு காலத்தில் மெக்கானிக்.

"எட கனிசியஸ், இஞ்சாலை எங்கையடா வேலை?"

"கனகசபாபதி ஐயா வீட்டிலை, அண்ணை. ஒஸ்டின் எஞ்சின்."

கதிரவேலு பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்த கையில் நடுவிரல் இல்லை.

"எத்தினை பிஸ்டன் கழட்டிப்போட்டாய்?"

"மூண்டு."

"நாலாவது?"

"இனித்தான், போய்."

"எந்தக் கையாலை வேலை செய்யிறனி?"

"நான் இடக்கையன் அண்ணை."

"அதைக் காட்டு பாப்பம்."

கனிசியஸ் நீட்டினான். கதிரவேலு மோதிர விரலை மட்டும் பிடித்து, கத்தரிக்காய் வாங்குகிறவர் போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வடிவான விரல்," என்றார். "பாவம்."

"ஏன் அண்ணை?"

"அந்த எஞ்சினுக்கு ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு விரல் கேக்கிறது. முதலாவது நெல்லியடி நமசிவாயத்தின்ரை பெருவிரலை எடுத்தது. ரெண்டாவது கோப்பாயான் ஒருத்தன்ரை சுட்டுவிரல். மூண்டாவது," கையைத் தூக்கிக் காட்டினார், "இந்தா, இல்லை."

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"பகிடிக்கு ஆரும் விரல் குடுப்பினமோடா? பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். நாலாவதுக்கு எது வரும் எண்டு நீயே சொல்லு."

கனிசியஸ் தன் மோதிர விரலைப் பார்த்தான். அவனுடைய தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது.

"கழட்டேக்கை பயப்பிடாதை," என்று கதிரவேலு ஆறுதல் சொன்னார். "அப்ப பசு மாதிரி நிக்கும். பூட்டேக்கைதான் கேக்கும்."

கனிசியஸ் திரும்பி வந்தபோது கொட்டிலில் ஒரு சத்தமும் இல்லை. வேலியில் நின்ற காகங்களைக் காணவில்லை. வீட்டுப் பூனை எஞ்சினின் மேல் ஏறி முதலாம் சிலிண்டரை மூக்கை வைத்து மணந்தது, இரண்டாவதை மணந்தது, மூன்றாவதை மணந்தது. நாலாவதுக்குக் கிட்ட வந்ததும் முதுகைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே பின்பக்கமாக நடந்து இறங்கிப் போனது. பூனை பின்பக்கமாக நடந்ததைக் கனிசியஸ் அதற்கு முன் கண்டதில்லை.

அவன் நாலாவதுக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் பிஸ்டனின் தலை, கரி பிடித்து, ஒரு பெரிய கண்ணின் கறுப்பு மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சூடான காற்று வந்து அவன் கன்னத்தில் பட்டது. எஞ்சின் ஓடி ஒரு கிழமை.

அவன் கையை உள்ளே விடவில்லை. மிக நீளமான ஸ்பானரைத் தடியில் கட்டி, எட்ட நின்று மூடியைக் கழற்றினான். பிறகு வீட்டம்மா மீனாம்பிகையிடம் உலக்கையை இரவல் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கீழிருந்து தள்ளினான். பிஸ்டன் வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது. கதிரவேலு சொன்ன பசு இதுதான் என்று நினைத்து உலக்கையைக் கீழே போட்டான்.

கழற்றிய கொன்ரொட்டில் அது எத்தனையாம் சிலிண்டருக்குரியது என்று குத்தூசியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் புள்ளி குத்துவது முறை. நாலையும் திருப்பிப் பார்த்தான். முன்பு குத்தியிருந்த புள்ளிகளை யாரோ அரத்தால் தேய்த்து அழித்திருந்தார்கள். ஏன் அழித்தார்கள் என்று யோசிக்க அவன் விரும்பவில்லை. புதிதாகக் குத்தவும் துணியவில்லை. பசித்திருக்கிற ஒன்றின் காலில் சுத்தியலால் அடிக்க அவனுக்கு என்ன விசரா? வெண்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மெல்ல எழுதினான். நாலாவதை மட்டும் மற்றவற்றோடு சேராமல் பனையோலைக் கடகத்தால் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லும் வைத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் நின்று நிஷானிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"விரல் போனா மோதிரத்தை எங்கை போடுறது?" என்று அவள் கேட்டாள். "மூக்கிலையோ?"

"நிஷானி, நான் பயந்துபோயிருக்கிறன்."

"நீங்கள் எப்ப பயப்பிடேல்லை? இஞ்சை பாருங்கோ, சாமியாருக்கும் சனத்துக்கும் முன்னாலை நான் மோதிரத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு விரல் தேடிக்கொண்டு நிக்க மாட்டன். பத்து விரலோடையும் வாறதெண்டா வாங்கோ."

கனிசியஸ் முடிவெடுத்தான். நாளைக் காலமை போவது, ஆயுதப் பெட்டியைத் தூக்குவது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்வது, திரும்பிப் பாராமல் வருவது. நாலாம் பிஸ்டனை விரும்பினவன் வந்து பூட்டட்டும்.

மறுநாள் போனான். கொட்டிலில் ஆயுதப் பெட்டி இல்லை. கடகம் நிமிர்ந்து கிடந்தது. கல் ஓரமாக இருந்தது. கடகத்துக்குள் ஒன்றும் இல்லை.

"தம்பி, உள்ளை வாருமன்," என்று மீனாம்பிகை கூப்பிட்டார். "இண்டைக்குச் சரஸ்வதி பூசையெல்லே."

சாமியறையில் கும்பத்துக்கு முன்னால் பேரப்பிள்ளைகளின் கொப்பிகள். அவற்றுக்குப் பக்கத்தில் வாழையிலையில் கனிசியஸின் ஸ்பானர்கள், சுத்தியல், அரம் எல்லாம் உயரப்படி அடுக்கியிருந்தன. நடுவில், அவலுக்கும் கடலைக்கும் இடையில், நாலு பிஸ்டன்களும் கொன்ரொட்டோடு நின்றன. பித்தளைக் குத்துவிளக்குப் போலப் பளபளத்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். நாலும் ஒரே மாதிரி.

"அம்மா," என்றான் கனிசியஸ். கையால் பிஸ்டன்களைக் காட்டினான். இன்னொரு தரம், "அம்மா," என்றான். "உதிலை வெண்கட்டியாலை எழுதியிருந்ததே?"

"ஓம் தம்பி, என்னவோ கிறுக்கிக் கிடந்தது. வாணிக்கு முன்னாலை ஊத்தையோடை வைக்கேலுமே? தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் போட்டு நல்லா மினுக்கினன்."

"கடகத்துக்குக் கீழை ஒண்டு இருந்தது..."

"பாவம், அதை மட்டும் தனிய மூடி வைச்சிருக்கிறீர். அதையும் மற்றதுகளோடை சேத்துவிட்டன்."

நேற்று அவனுக்கு ஒரு பிஸ்டனுக்குத்தான் பயம். இன்றைக்கு நாலுக்கும் பயம். நெற்றியில் பொட்டோடு நாலும் அவனையே பார்த்தன. எது என்று தெரியவில்லை.

"அம்மா, என்ரை சாமான்களை எடுத்துத் தாங்கோ. எங்கடை அம்மாவுக்குச் சுகமில்லை."

"ஐயோ தம்பி, பூசையிலை வைச்சதை விஜயதசமி காலமை வரைக்கும் தொடப்படாது. நாளைக்கு நல்ல நேரத்திலை நீர்தான் எடுத்து வேலையைத் தொடங்க வேணும். அண்டைக்குத் தொடங்காட்டி ஆயுதத்துக்குக் கூடாது, கைக்கும் கூடாது."

கைக்குக் கூடாது என்றதும் கனிசியஸ் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஆயுதம் இல்லாமல் போவதென்றால் தொழிலை விட்டுப் போக வேண்டும். வேறு வழியின்றிக் கனகசபாபதியிடம் உண்மையைச் சொன்னான்.

கனகசபாபதி பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்கடை காரோ? விரல் தின்னுதோ?"

"ஓம் ஐயா."

"விசர்க்கதை கதையாதையும். எங்கடை கார் சுத்த சைவம். நான் அதிலை முட்டைகூட ஏத்தினதில்லை."

"ஐயா, கதிரவேலண்ணை..."

"சரி, அப்பிடியே வைப்பம். விரல் கேக்கிறது சிலிண்டரோ, பிஸ்டனோ?"

கனிசியஸ் திகைத்தான். அதை அவன் யோசிக்கவேயில்லை. சிலிண்டர் என்றால் எந்தப் பிஸ்டனைப் போட்டாலும் நாலாம் துளையில்தான் ஆபத்து. பிஸ்டன் என்றால் எந்தத் துளையிலும் ஆபத்து. முற்றத்துக்கு ஓடிப்போய்க் கதிரவேலுவுக்குப் போன் எடுத்தான்.

"அதை நான் விசாரிக்கேல்லைத் தம்பி," என்றார் கதிரவேலு. "விரல் போற அவசரத்திலை ஆர் உதெல்லாம் கேப்பினம்?"

விஜயதசமி காலையில் மீனாம்பிகை கற்பூரம் காட்டினார். கனகசபாபதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்று, கடுகதி ரயிலை வழியனுப்புகிறவர் போலக் கையைத் தூக்கி, "சரி, தொடங்கும்," என்றார்.

கனிசியஸ் சந்தனத்தைத் துடைத்தான். புது றிங்குகளின் வெட்டுகள் ஒரே நேராக வராமல் திருப்பி வைத்தான். ஒயில் பூசினான். றிங்குகளைத் தகட்டுப் பட்டியால் நெருக்கி, ஒரு பிஸ்டனை முதலாம் சிலிண்டரின் வாயில் வைத்து, சுத்தியல் பிடியால் தட்டினான். தட்டத் தட்ட அது இறங்கியது. இனிக் கீழே கையை விட வேண்டும். கொன்ரொட்டின் வாய் கிராங்கில் சரியாக உட்காருகிறதா என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்; தடிக்கும் உலக்கைக்கும் அது தெரியாது.

"கப்பியை அசையாமல் பிடியுங்கோ ஐயா," என்றான். கனகசபாபதி முன்னால் நின்று, கிராங்கின் நுனியில் இருக்கிற கப்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

கனிசியஸ் கையை விட்டான். இருட்டு. ஒயில் ஈரம். விரல் கிராங்கைத் தொட்டது, குளிர்ந்திருந்தது. கொன்ரொட் வந்து உட்கார்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கையை இழுத்து எண்ணினான். ஐந்து.

இரண்டாவது. ஐந்து. மூன்றாவது. ஐந்து. ஒரு தரமும் அவன் மகிழ்ச்சிப்படவில்லை. இது இல்லை என்றால் மிச்சத்தில்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு பிஸ்டனும் ஒரு சிலிண்டரும் மிஞ்சின. சிலிண்டரோ பிஸ்டனோ என்ற கேள்விக்கு இனித் தேவையில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. கனிசியஸ் பிஸ்டனை வைத்தான். தட்டவில்லை. அது தானாகவே இறங்கியது.

"ஐயா, நீங்கள் கப்பியை அசைச்சனீங்களோ?"

"இல்லைக் காணும். நான் மூச்சுக்கூட விடேல்லை."

அவன் அந்தோனியாரை நினைத்துக்கொண்டு கீழே கையை விட்டான். இந்த முறை கிராங் குளிரவில்லை. மாட்டின் மூக்கு மாதிரி இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது. பெருவிரலைத் தொட்டு மணந்து பார்த்து விட்டது. சுட்டுவிரலை மணந்து விட்டது. நடுவிரலை விட்டது. கனிசியஸ் கையை இழுக்க நினைத்தான். நினைத்ததைக் கை கேட்பதற்குள் கொன்ரொட் இறங்கி மோதிர விரலைக் கிராங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நோகவில்லை. அதுதான் பயங்கரம். பிள்ளையின் கையைத் தாய் பிடிப்பது போல, இறுக்கமாக, விடாமல் பிடித்தது.

"ஐயா, பிடிச்சிட்டுது!"

"எது?"

"விரலை!"

கனகசபாபதி கப்பியை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். அப்போதுதான் அது நடந்தது. ஹெட் இல்லை, பிளக் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. பனங்குத்தியின் மேல் கிடந்த எஞ்சின் ஓடத் தொடங்கியது.

நாலு பிஸ்டன்களும் திறந்த வாயால் ஏறி ஏறி இறங்கின. கிராங் சுற்றியது. கிராங்கோடு விரல் சுற்றியது. விரலோடு கை, கையோடு கனிசியஸ். கிராங் மேலே போனால் அவன் எழும்பினான், கீழே போனால் குந்தினான். கார்க் கொட்டில் நடுவே, உச்சி வெயிலில், பிள்ளையாருக்கு வாழ்நாளில் ஒரு தோப்புக்கரணம்கூடப் போட்டிராத வேதக்காரன் நூறு, நூற்றைம்பது என்று போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போவது அவனுக்குத் தெரிந்தது. நகம் போயிற்று. முதல் மூட்டுப் போயிற்று. மோதிரம் இருக்க வேண்டிய இடத்துக்கு இனி ஒரு மூட்டுத்தான்.

"நிஷானி!" என்று கத்தினான். உடுப்பிட்டியில் கத்தியது அச்சுவேலியில் கேட்டதாக அங்கே பலர் சொல்கிறார்கள்.

மீனாம்பிகை ஓடி வந்தார். பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பூசைக்கு வாங்கிக் குங்குமம் அடைத்து வைத்திருந்த நீத்துப்பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, எஞ்சினை மூன்று தரம் சுற்றி, "இந்தா, இதைத் தின்," என்று நாலாம் சிலிண்டரின் தலையில் ஓங்கிப் போட்டார். காய் பிளந்தது. குங்குமத் தண்ணீர் எல்லாத் துளைக்குள்ளும் இறங்கியது. எஞ்சின் ஒரு தரம் விக்கியது. இரண்டு தரம் மென்றது. பிறகு வயிறு நிறைந்தது போலப் பெரிய ஏவறை ஒன்று விட்டு நின்றது.

"நான் சொன்னனே," என்றார் கனகசபாபதி, வேலிக்கு அப்பாலிருந்து. "சைவம் எண்டு."

கனிசியஸின் கை வெளியே வந்து விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. சாரத்துணியால் மூடிப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நீங்கள் எண்ணிச் சொல்லுங்கோ. நான் பாக்க மாட்டன்."

மீனாம்பிகை துணியை விலக்கி எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"மோதிர விரல் இருக்குத் தம்பி," என்றார்.

"அந்தோனியாரே!"

"ஆனா எல்லாமாய் ஆறு இருக்கு."

கனிசியஸ் ஒரு கண்ணைத் திறந்தான். அவனுடைய ஐந்து விரல்களும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. பெருவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு பெருவிரல் நின்றது. கறுத்தது, வயது போனது, நகத்துக்குள் பழைய ஒயில். அது தன்பாட்டில் ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது. நீண்டகாலம் மடங்காமல் இருந்ததால் சொடக்கு முறிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் கனிசியஸ் மயங்கி விழுந்தான்.

அதைக் கதிரவேலுவிடம் காட்டியபோது அவர் கண்ணாடி போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ரை இல்லை. என்ரை நடுவிரல், வடிவான விரல். உது நமசிவாயத்தின்ரை. ஆள் கனடாவிலை. ஆரும் போனாக் குடுத்துவிடு."

தை மாதம் கலியாணம் நடந்தது. மோதிரம் போடுகிற நேரம் கனிசியஸ் கையைப் பின்னால் ஒளித்து வைத்தான். நிஷானி பிடித்திழுத்து முன்னே கொண்டுவந்து, எல்லா விரலையும் ஒரு தரம் பார்த்தாள்.

"பத்து எண்டுதானே கேட்டனான்," என்று காதுக்குள் சொன்னாள். "மிச்சத்துக்கு நான் பொறுப்பில்லை." சொல்லிவிட்டு மோதிரத்தை உரிய விரலிலேயே போட்டாள். பக்கத்தில் நின்ற கிழட்டுப் பெருவிரல் மோதிரத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தது. கனிசியஸ் இப்போதும் அந்தக் கையைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பதில்லை.

இதெல்லாம் நடந்த கனகசபாபதியின் ஒஸ்டின் இப்போதும் அதே கொட்டிலில்தான் நிற்கிறது. அதன் எஞ்சினை எண்பத்தேழாம் ஆண்டுச் சண்டையில் ஊர் இடம்பெயர்ந்த நேரம், கனிசியஸ் பிறக்க முன்னரே, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அன்று முதல் அந்த இடத்தில் வேறு எஞ்சின் ஒன்றும் வைக்கப்படவில்லை.